தொழுவாரற்ற தேவாலயம்

கட்டடங்களுக்கும் ஆயுள் உண்டு. மனிதனுக்கு மூப்பு வருதல் போலவே கல்லுக்கும் காரைக்கும் மூப்பு வருகின்றது. ஆயினும் மனிதனுக்கு வாய்க்காத பேறொன்று கட்டடத்துக்கு வாய்த்திருக்கின்றது. உரியவர் உடனிருந்து காலந்தோறும் பழுது பார்ப்பாராயின் அது பல தலைமுறைகளைக் கடந்து நிற்கும். உரியவர் அகன்றுவிட்டால், யானை மோதினும் அசையாத மதிலும் சில மாரிக்காலங்களிலே மண்மேடாகிவிடும். ஆதலின் ஒரு பழங்கட்டடத்தின் எதிர்காலம் யாதாகும் என்று வினவுவோர், அதன் சுவரைத் தட்டிப் பார்க்கு முன்னர், அதற்கு உரியவர் யாவர் என்று கேட்டறிதல் வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல்வெளிகளுக்கு அப்பால், உன்னிச்சைக் குளம் கடல்போற் பரந்து கிடக்கின்றது. அதன் கட்டிலே ஒரு கசிவு காணப்பட்டால், போடியார் முதற் கூலியாள் வரை ஒருவரும் வாளாவிரார். வட்டவிதானை ஊரைக் கூட்டுவார், மண்வெட்டிகள் விரையும். அக்குளத்து நீர் வயலை விளைவிப்பதோடு மட்டக்களப்பு நகரத்தார் பருகும் நீராகவும் இன்று பயன்படுகின்றது. "இந்தப் பழங்குளத்தை ஏன் காத்தல் வேண்டும்?" என்று கேட்பவன் நகைப்புக்கு இடமாவான். தாகமுள்ளவர் உள்ளவரை குளத்துக்கு உரியவர் உளர்.

கோயிலின் செய்தியும் அத்தகையதே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்தல் மரபு என்று நம் முன்னோர் வகுத்தனர். அது சமயக் கிரியை மட்டுமன்று. கட்டடத்தைக் காக்கும் ஒழுங்குமாகும். வெடித்த சுவர் பூசப்படும். ஒழுகும் விமானம் செப்பனிடப்படும். வேர்விட்ட அரசங்கன்று களையப்படும். உன்னிச்சைக்கு அயலேயுள்ள ஆயித்தியமலையில் சகாய மாதாவின் திருத்தலம் இருக்கின்றது. ஆண்டுதோறும் அதன் திருவிழாவுக்கு மக்கள் கால்நடையாகவே திரண்டு செல்கின்றனர். அம்மக்கள் உள்ளவரை அத்தலத்துக்கும் குறைவில்லை. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் வீசிய சூறாவளியும், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையும் கிழக்கிலங்கையில் அழித்த கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பல. அவற்றுட் பெரும்பாலானவை மீண்டும் எழுந்தன. யாருடைய கட்டளையால் எழுந்தன? தொழுவார் இருந்தனர், அதனால் எழுந்தன.

தொழுவார் ஒருவரேனும் இல்லாத பழைய தேவாலயம் ஒன்று இடிந்து கிடப்பின், அதனை எடுத்து நிறுத்துவார் யார்? எடுத்து நிறுத்தத்தான் வேண்டுமா? யாழ்ப்பாணக் கோட்டையினுள்ளே கற்குவியலாய்க் கிடக்கும் ஒல்லாந்தர் தேவாலயம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. யாழ்ப்பாணத்துச் செய்தியை மட்டக்களப்பார் ஆராய வேண்டுவது என்னை என்று சிலர் ஐயுறலாம். ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதற் கைப்பற்றிய கோட்டை 1638 இல் அவர்வசமான மட்டக்களப்புக் கோட்டையே. யாழ்ப்பாணத்திலே முடிந்த கதை புளியந்தீவிலே தொடங்கியது. ஆகவே அதனை ஆராயும் உரிமை நமக்கும் உண்டு.

கோட்டையும் கோயிலும்

1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை வென்று சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்தனர். அவர்தம் தளபதி பிலிப்பு தெ ஒலிவேரா என்பான் தலைநகரை நல்லூரினின்றும் கடலோரத்துக்கு மாற்றினான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தவனும் அவனே. அக்கோயிற் கற்கள் கோட்டை கட்டுதற்குப் பயன்பட்டன என்பது யாழ்ப்பாணத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. கோட்டைக்குள்ளே அற்புதங்களின் அன்னை என்னும் பெயரால் போர்த்துக்கேயர் ஒரு மாதா கோயிலும் எடுத்தனர்.

1658 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மூன்று திங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின், அக்கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. அவர்கள் போர்த்துக்கேயரின் நாற்கோண மதிலை அகற்றி ஐங்கோண வடிவிலே புதிய கோட்டையை அமைத்தனர். அதனகத்தே 1706 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்றதே நாம் பேசவந்த தேவாலயம். ஒல்லாந்த மொழியில் அதனைக் குரூய்ஸ் கேர்க் என்பர். சிலுவைக் கோயில் என்பது பொருள். நான்கு கைகளும் ஒத்த அளவினவாய் அமைந்த சிலுவையைத் தரைமேல் வரைந்து, அவ்வரைமேற் சுவரெழுப்பினாற் போன்ற அமைப்பு அது. கொழும்பு வுல்வெண்டாலில் 1757 இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயமும் சிலுவை வடிவினதே. அதனைக் கண்டோர் இதன் தோற்றத்தை ஓரளவு உய்த்துணரலாம்.

கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லையும், அக்கல்லையே சுட்டுப் பெற்ற சுண்ணாம்பையும் கொண்டு சுவர்களைத் தடிப்பாக எழுப்பினர். உள்ளே தரையிற் பாவிய கல்லறைக் கற்களில் ஒல்லாந்த அதிகாரிகளும் அவர்தம் மனைவி மக்களும் பெயர் பொறித்துத் துயின்றனர். அக்கோயிலில் ஒலித்த மணியோ போர்த்துக்கேயர் வார்த்தது. அற்புதங்களின் அன்னையின் பெயரும் 1648 என்னும் ஆண்டும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. கத்தோலிக்க வழிபாட்டைத் தம் ஆட்சியிலே தடைசெய்த ஒல்லாந்தர், அக்கத்தோலிக்கர் விட்டுச்சென்ற மணியின் ஓசை கேட்டே தம் வழிபாட்டுக்கு வந்தனர். வென்றவன் தோற்றவனின் பொருளைக் கையாளுதல் வரலாற்றில் மாறாத இயல்பு போலும்.

1706 என்னும் ஆண்டு தமிழர் வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கது. அவ்வாண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் அதிகாரியாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் அந்நாட்டுத் தமிழரின் வழக்கங்களைத் திரட்டலானார். 1707 இன் தொடக்கத்தில் அத்தொகுப்பு நிறைவுற்றது. அதனைத் தமிழில் மொழிபெயர்ப்பித்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி உடன்பாடும் பெற்றனர். தேசவழமை என்று நாம் வழங்கும் சட்டம் அதுவே. அதே 1706 ஆம் ஆண்டு யூலை 9 ஆம் நாள், சோழநாட்டுக் கடற்கரையாகிய தரங்கம்பாடியிலே சீகன்பால்கு என்னும் செர்மானியப் பாதிரியார் வந்திறங்கினார். தமிழில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய பெருமை அவருடையது.

ஓராண்டிலே விளைந்த இம்மூன்றனுள் இரண்டு வாழ்கின்றன. தேசவழமை இன்றும் நீதிமன்றிற் பேசப்படுகின்றது. சீகன்பால்கு 1718 இற் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் இன்றும் தமிழ்ப் பாட்டு ஒலிக்கின்றது. யாழ்ப்பாணக் கோட்டையின் சிலுவைக் கோயில் மட்டுமே வீழ்ந்தது. காரணம் ஆராயத்தக்கது. முதலிரண்டும் தமிழர் வாழ்வோடு கலந்தன. மூன்றாவதோ, கோட்டைக்குள் வாழ்ந்த ஒல்லாந்தக் குடும்பங்களுக்கென எழுந்தது. அகழிக்கு அப்பால் வாழ்ந்த மக்களின் நெஞ்சிலே அது வேரூன்றவில்லை.

தேய்ந்த வரலாறு

1795 ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒல்லாந்தர் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். அத்துடன் தேவாலயத்தின் தேய்பிறை தொடங்கியது. ஒல்லாந்தக் குடும்பங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன, வழிபாடு அருகியது. 1913 இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி இலங்கையிலுள்ள கல்லறைச் சாசனங்களைத் திரட்டி நூலாக வெளியிட்டார். இத்தேவாலயத்துக் கற்களையும் அவர் அதிற் குறித்துவைத்தார். உயிரோடு வந்து தொழுவோர் அருகிய இடத்தில், இறந்தோரின் பெயர்களைப் படிப்பதற்கே அறிஞர் வரலாயினர். ஆயினும் கட்டடம் உறுதியாகவே நின்றது. காலம் அதனை வெல்லவில்லை, போரே வென்றது.

1980 களின் நடுப்பகுதியிலிருந்து கோட்டை போர்முனையாயிற்று. 1990 ஆம் ஆண்டு யூன் முதல் செப்டெம்பர் இறுதி வரை நிகழ்ந்த முற்றுகையில் எறிகணைகள் இரவும் பகலும் வீழ்ந்தன. இருநூற்றெண்பது ஆண்டுக்கு மேல் நின்ற சிலுவைக் கோயில் தரைமட்டமாயிற்று. முற்றுகை முடிந்தபின் கோட்டை மதில்களும் பலவிடத்து இடிக்கப்பட்டன. போர் 2009 இல் ஓய்ந்தது. 2010 முதல் ஒல்லாந்து அரசின் உதவியோடு மதில்களைப் புதுப்பிக்கும் பணி நடைபெறலாயிற்று. இன்று மக்கள் அகழியைக் கடந்து உள்ளே சென்று உலாவுகின்றனர்; மாலைக்காற்று வாங்குகின்றனர்; பரவைக்கடலிற் கதிரவன் மறைவதைக் கண்டு மகிழ்கின்றனர். மதில் எழுந்தது, தேவாலயம் எழவில்லை. குறைச் சுவர்களும் முருகைக்கற் குவியல்களுமே அது நின்ற இடத்தைக் காட்டுகின்றன.

அயலான் கட்டியது அழிந்தால் நமக்கென்ன?

இந்த இடத்திலே ஒரு தடை எழுகின்றது. அத்தடையை எழுப்புவோர் அறியாதவரல்லர். தமிழ்ப் பற்றும் சமயப் பற்றும் உடையோரே. "நல்லூர்க் கோயிலை இடித்த கூட்டத்தாரின் கோட்டை அது. நம்மை அடிமைகொண்டோரின் கோயில் அது. அது வீழ்ந்ததற்கு நாம் ஏன் கண்ணீர் விடவேண்டும்? நம் கோயில்களுக்கே திருப்பணிப் பொருள் போதாதிருக்க, அயலான் தேவாலயத்துக்குப் பொருள் தேடுவதா?" என்பர் அவர். இத்தடையைப் புன்மையென்று ஒதுக்குதல் முறையன்று. 1621 இல் நல்லூரிலும், 1622 இல் திருக்கோணமலையிலும் நேர்ந்த பேரிழவுகள் தமிழர் நெஞ்சில் ஆறாத புண்கள்.

எனினும் திருக்கோணமலைக் கோட்டையின் வாயிலுக்குச் சென்று நோக்குக. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே அங்குக் கோட்டை எழுப்பினர். அவ்வாயிலிலே மீன் பொறித்த தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்று இன்றும் பார்ப்பார் கண்ணிற் படுகின்றது. இடித்தவன் கட்டிய சுவரே, இடிபட்டதன் சான்றினை நானூறு ஆண்டு ஏந்திநிற்கின்றது. அயலான் கட்டியது என்று அம்மதிலை நாம் தகர்த்திருப்போமாயின், நம் கல்வெட்டையும் நாமே தகர்த்தவராவோம்.

யாழ்ப்பாணக் கோட்டையும் அத்தகையதே. சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டொன்று அக்கோட்டைக்குள் கண்டெடுக்கப்பட்டது. 2017 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரோடு இங்கிலாந்து டர்ஹாம் பல்கலைக்கழகத்தார் அங்கு அகழ்வாராய்ந்தபோது, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே அது கடல்வாணிகம் செழித்த இடம் என்பதற்குச் சான்றான மட்கலவோடுகள் கிடைத்தன. மண்ணின் அடியிலே பழந்தமிழர் துறைமுகம். அதன்மேல் போர்த்துக்கேயர் கோட்டை. அதன்மேல் ஒல்லாந்தர் தேவாலயம். அதன்மேல் நம் காலத்துப் போரின் இடிபாடு. ஓர் ஏட்டுச் சுவடியிலே மேலேட்டை வெறுத்து எரிப்பவன், கீழேடுகளையும் உடன் எரிப்பவனாவான். இடிபாட்டுக் குவியலில் எந்தக் கல் எக்காலத்தது என்று ஆராய்ந்து வகுக்கும் வரை, அதிலிருந்து ஒரு கல்லையேனும் அகற்ற யார்க்கும் உரிமையில்லை. அக்குவியலிலே நல்லூர்க் கோயிற் கல்லும் கிடத்தல் கூடும் அன்றோ?

இன்னுமொன்று. கிறித்தவர் எடுத்த கட்டடங்கள் யாவும் தமிழுக்குப் புறம்பானவை என்று கருதுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. வட்டுக்கோட்டையிற் போர்த்துக்கேயர் தொடங்கிப் பின் ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய தேவாலயம், ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திற் பாழடைந்து கிடந்தது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கப் பாதிரிமார் அதனைப் பெற்றுப் பழுது பார்த்தனர். அதன் அயலிலே 1823 இல் எழுந்ததே வட்டுக்கோட்டைச் செமினரி. அங்கே கற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1887 இற் கலித்தொகையை அச்சேற்றித் தமிழுலகுக்கு அளித்தவர் அவரே. தொல்காப்பியப் பதிப்பிலும் அவர் பெயர் மறவாதது. பாழான தேவாலயம் ஒன்றினுக்குப் புதுவாழ்வு கிடைத்தது. அதன் நிழலிலே சங்கத்தமிழ் மறுவாழ்வு பெறுதற்கு வித்து விழுந்தது. கிழக்கிலங்கைக்கு வருவோமாயின், காரைதீவிலே பிறந்து யாழ் நூல் யாத்த விபுலானந்த அடிகளும் இளமையிற் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவப் பாடசாலைகளிற் பயின்றவரே. சைவத்துக்கும் தமிழுக்கும் அதனால் ஊறு நேர்ந்ததில்லை, ஆக்கமே விளைந்தது.

மூன்று வழிகள்

இனிச் செய்யத்தக்கது யாது என்று ஆராய்வோம். உலகத்தில் இத்தகைய இடருற்ற மக்கள் மூவகை வழிகளைக் கைக்கொண்டனர்.

முதல் வழி, இருந்தவாறே மீளக் கட்டுதல். செர்மனியின் திரெஸ்டன் நகரத்து மாதா பேராலயம் 1945 பெப்ரவரியிற் குண்டுவீச்சினால் எரிந்து சரிந்தது. அந்நகரத்தார் அதன் கற்குவியலை ஐம்பது ஆண்டுவரை அழியாது காத்தனர். 1990 களில் அக்குவியலைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பழைய இடத்தையும் ஆராய்ந்து, பல ஆயிரம் பழங்கற்களைப் புதுக்கற்களோடு சேர்த்து மீண்டும் எழுப்பினர். 2005 அக்டோபரில் அது திருநிலைப்படுத்தப்பட்டது. கருகிய கற்கள் புதிய சுவரிலே திட்டுத் திட்டாகத் தெரிகின்றன.

இரண்டாம் வழி, இடிபாட்டை இடிபாடாகவே காத்தல். இங்கிலாந்தின் கொவென்றி நகரப் பேராலயம் 1940 நவம்பர் 14 ஆம் நாள் இரவு எரிந்தது. அந்நகரத்தார் கூரையற்ற சுவர்களை அப்படியே நிறுத்தி, அவற்றின் அருகே புதிய பேராலயத்தைக் கட்டி 1962 இல் திறந்தனர். பழையது போரின் கொடுமையைப் பேசுகின்றது; புதியது வழிபாட்டுக்குப் பயன்படுகின்றது.

மூன்றாம் வழி, யாதொன்றும் செய்யாதிருத்தல். தனுக்கோடியிலே 1964 டிசம்பர்ப் புயலுக்குத் தப்பிய தேவாலயச் சுவர்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாக உப்புக்காற்றில் உதிர்ந்துவந்தன. ஒருவரும் அழிக்கவில்லை, ஆயினும் அழிந்துகொண்டே வந்தன. இவ்வழிக்கு முடிவு செய்வார் வேண்டுவதில்லை. முடிவு செய்யாமையே இவ்வழி.

யாழ்ப்பாணத்தாருக்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. கோட்டைக்குச் சிறிது தொலைவிலே நிற்பது பொது நூலகம். 1981 ஆம் ஆண்டு யூன் முதல் நாளிரவு அது எரிக்கப்பட்டது. தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. எரிந்த கட்டடத்தை அழிவின் சான்றாக விட்டுவைத்தல் வேண்டும் என்போரும், முன்போலவே எழுப்புதல் வேண்டும் என்போரும் இருந்தனர். முடிவில் அது முன்னிருந்த வடிவிலேயே எழுப்பப்பட்டு, 2004 இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே மாணவர் நிறைந்திருக்கின்றனர். ஆயினும் அங்கு நிகழ்ந்தது யாது என்பதை வெண்சுவர்களைப் பார்த்து இளைஞன் ஒருவன் அறிதல் அரிது. மீளக் கட்டுதலின் நன்மையும் குறையும் இவ்விரண்டே.

நூலகத்தை எழுப்பியது சரியே என்பது என் துணிபு; படிப்பார் இருந்தனர். திரெஸ்டனில் எழுப்பியதும் சரியே, தொழுவார் இருந்தனர். யாழ்ப்பாணக் கோட்டையில் அத்தகையோர் யார் உளர்? பெரும்பொருள் செலவிட்டுச் சிலுவைக் கோயிலை 1706 இல் இருந்தவாறே கட்டிமுடித்தாலும், அது பழையதன் சாயல் பூண்ட புதுக்கட்டடமாகவே இருக்கும். கதவு திறப்பாரும் விளக்கேற்றுவாரும் இன்றி, அடுத்த தலைமுறையில் அதுவும் பாழாகும். ஆதலின் கொவென்றியார் வழியே இதற்குப் பொருந்துவது. இடிபாடு இடிபாடாகவே நிற்கட்டும்; அன்றியும், மேலும் இடியாதபடி நிற்கட்டும். அதன் முற்பாதி கட்டினவர் கதையைச் சொல்லும். பிற்பாதி நம் காலத்துப் போரின் கதையைச் சொல்லும். நம் காலத்துக் கதையை மறைத்துவிட்டு ஒல்லாந்தர் கதையை மட்டும் மெருகிட்டுக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும்.

காத்தல் என்பது யாது?

இடிபாட்டைக் காத்தல் என்பது அதனைக் கைவிடுதல் அன்று. கட்டி நிறுத்துவதினும் அது நுண்ணிய பணி. முருகைக்கல் நீரை உறிஞ்சும் இயல்பினது. கடலோரத்து உப்பு அந்நீரோடு கல்லினுட் புகும். வெயிலில் நீர் வற்ற, உப்பு உள்ளேயே மணியாய் உறைந்து கல்லைப் பொடியாக்கும். கூரையுள்ள சுவர் மழைக்குத் தப்பும். கூரையிழந்த சுவரின் தலைவழியே ஒவ்வொரு வடகீழ்ப் பருவமழையும் உள்ளே இறங்கும். அந்த ஈரத்திலே பறவை இட்ட ஆலம்வித்தும் அரசவித்தும் முளைத்து வேரால் நெம்பும்.

இதற்குச் சீமெந்து மருந்தாகாது. பழஞ்சுவரின் வெடிப்பிற் சீமெந்தைப் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மெல்லிய கல்லையே அரிக்கும். சுண்ணாம்புக் காரையே சுண்ணாம்புச் சுவருக்கு உறவு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கூட்டிச் சுண்ணாம்பை அரைத்துப் பதப்படுத்தும் முறையை நம் கொத்தனார்கள் முன்னாளில் நன்கு அறிந்திருந்தனர். இன்று அதனை அறிந்த முதியோர் சிலரே. தேவாலயத்தைக் காக்கும் பணியிலே இளைஞர் சிலரை அவர்களோடு சேர்ப்பின், ஒரு சுவரோடு ஒரு தொழிலும் பிழைக்கும். சங்கானையிற் கூரையின்றி நிற்கும் பழைய தேவாலயச் சுவர்களுக்கும், குடாநாட்டின் பழைய நாற்சார் வீடுகளுக்கும், கோயில் மடங்களுக்கும் அக்கைகளே நாளை உதவும்.

இரண்டாவது பணி, குவியலை வகுத்தல். கல்லறைக் கற்கள், செதுக்கு வேலை உள்ளவை, எழுத்துள்ளவை, வெறுங்கல் எனப் பிரித்து, எண்ணிட்டு, படம் பிடித்துப் பதிவுசெய்தல் வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருட் சின்னங்களைக் காக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருக்கின்றது. சட்டம் ஏட்டிலே இருந்தால் மட்டும் போதாது. குவியலிலிருந்து ஒரு கல் குறைந்தால் எது குறைந்தது என்று சொல்லத்தக்க பட்டியல் இருத்தல் வேண்டும். எண்ணிடப்படாத கல் களவுபோயினும் களவென்று தெரியாது.

மூன்றாவது பணி எளியது. ஆயினும் அதுவே தலையாயது. அங்கு வரும் இளைஞன், தான் நிற்கும் இடம் யாதென்று தன் தாய்மொழியிலே படித்தறிதல் வேண்டும். நல்லூர்க் கோயில் இடிந்த ஆண்டும், இத்தேவாலயம் எழுந்த ஆண்டும், இது வீழ்ந்த ஆண்டும் ஒரே கல்லில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்படல் வேண்டும். யாரையும் பழித்தல் வேண்டா. யாரையும் புகழ்தலும் வேண்டா. ஆண்டுகளே பேசும். அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுக. பிழையற்ற தமிழில் எழுதுக என்று வேண்டிக்கொள்வதும் ஒரு தமிழாசிரியனின் கடமை. பொதுவிடங்களில் நம் மொழி படும் பாட்டை அறிந்தோர் இவ்வேண்டுகோளை மிகையென்று கொள்ளார்.

யார் செய்வது?

அரசு செய்யட்டும் என்பது பொது விடை. அரசின் துறைகள் செய்தல் வேண்டியதே. ஆனால் கேட்பார் இருந்தாலன்றி எந்த அரசும் செய்யாது. குளத்துக்கு உழவர் கேட்கின்றனர். கோயிலுக்கு அடியார் கேட்கின்றனர். தொழுவாரற்ற தேவாலயத்துக்குக் கேட்க வேண்டியவர் படித்தவர்களே. ஆசிரியர்களும் மாணவர்களும் சனசமூக நிலையங்களும் அதற்கு உரியவராகத் தம்மைத் தாமே நியமித்துக் கொள்ளலாம். ஒரு பாடசாலை ஆண்டுக்கு ஒருமுறை தன் உயர்வகுப்பு மாணவரை அங்கு அழைத்துச் சென்று, சுவரின் நீளத்தை அளப்பித்து, வெடிப்புகளைக் குறிப்பித்து, படம் எழுதுவித்து வைக்குமாயின், பத்தாண்டில் அக்கட்டடத்தின் தேய்வு பற்றிய நல்லதொரு சான்றேடு உருவாகும். வரலாற்றுப் பாடம் அதனினும் சிறப்பாக எங்கே நடைபெறும்?

மட்டக்களப்பில் வாழும் நமக்கும் இதிலே படிப்பினை உண்டு. புளியந்தீவுக் கோட்டை இன்றளவும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் கல்லின் வலிமை மட்டுமன்று; நெடுங்காலம் கச்சேரி அதனுள்ளே நடைபெற்றமையே. ஆட்கள் நடமாடிய இடத்திற் கூரை ஒழுகினால் யாராவது முறையிட்டனர். ஆள்நடமாட்டம் அற்றபோது எந்தக் கட்டடத்துக்கும் முதுமை விரைந்து வரும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பழைய தேவாலயங்களும் மடங்களும் பள்ளிக்கூடங்களும் எத்தனையோ உள. அவை இடிந்தபின் இரங்கிக் கட்டுரை எழுதுவதினும், நிற்கும்போதே அவற்றுக்கு ஒரு பயனைக் கற்பித்து வைத்தல் அறிவுடைமை. ஒரு நூல்நிலையம், ஓர் இசைவகுப்பு, ஒரு மாலைப்பள்ளி, எதுவாயினும் ஆகுக. விளக்கெரியும் வீட்டிற் கறையான் குறையும்.

சிலுவைக் கோயிலுக்கு அக்காலம் கடந்துவிட்டது. அதற்கு இனிப் புதுக்கூரை வேண்டுவதில்லை. எஞ்சிய சுவருக்குச் சுண்ணாம்பும், கற்களுக்கு எண்ணும், வருவோர்க்கு ஒரு தமிழ்க் கல்வெட்டும் வேண்டும். இவை மூன்றும் பெரும்பொருள் வேண்டும் பணிகளல்ல. ஒரு சிறு கோயிலின் திருப்பணிச் செலவிலே அடங்கத்தக்கவை. நல்லூரை இடித்தவர் நமக்குக் காட்டாத பொறையை, அவர்க்குப் பின் வந்தோரின் இடிந்த கோயிலுக்கு நாம் காட்டுவோமாயின், அதனால் நமக்கு இழுக்கு ஒன்றும் இல்லை. ஐப்பசி பிறக்குந்தோறும் அச்சுவர்களின் தலையில் மழை இறங்குகின்றது. முடிவு செய்ய வேண்டியோர் அடுத்த மழைக்கு முன் முடிவு செய்வாராக.